கூப்பனும் கூறைச்சேலையும்

பூம்புகாரின் நாளங்காடியிலும் அல்லங்காடியிலும் எவ்வெப் பண்டங்கள் விற்கப்பட்டன என்று வினவினால், நம் உயர்தர வகுப்பு மாணவர் தயக்கமின்றி விடை கூறுவர். பட்டு, பவளம், முத்து, சந்தனம் என்று பட்டியல் நீளும். ஆனால், "உன் பாட்டியார் எந்தக் கடையில், எதைக் கொடுத்து, எதை வாங்கினார்?" என்று வினவினால் அதே மாணவர் வாய் திறவார். இது மாணவரின் குற்றமன்று. அரசர் பெற்ற திறையும் அவர் வென்ற போருமே வரலாறு என்று நாம் கற்பித்து வந்துள்ளோம். மக்கள் வாங்கிய உப்பையும் உடுத்த சேலையையும் வரலாற்றின் வாயிலுக்கு வெளியே நிறுத்தி வைத்துள்ளோம்.

இதன் விளைவு கல்வியோடு நின்றுவிடுவதன்று. "போர் முடிந்ததும் வன்னிச் சனங்களுக்கு மோகம் பிடித்துவிட்டது, கடன்பட்டு உடுக்கிறார்கள், தவணைக்கு மோட்டார்ச் சைக்கிள் எடுக்கிறார்கள், பிறகு கட்ட முடியாமல் அழுகிறார்கள்" என்னும் பேச்சு இன்று ஆசிரியர் ஓய்வறை முதல் அரச அலுவலகம் வரை ஒலிக்கின்றது. மாதச் சம்பளம் வாங்கும் நாமே இதனை அதிகம் கூறுகின்றோம். இப்பேச்சு உண்மைதானா? விடை காண வேண்டுமாயின் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மண்ணின் கடைத்தெரு எவ்வாறு உருவாயிற்று என்பதை நோக்குதல் வேண்டும். கடை என்பது வெறும் கொடுக்கல் வாங்கல் நிகழும் இடமன்று. ஆட்சியும் சந்தையும் ஏழையின் அடுக்களைக்குள் நுழையும் வாயில் அதுவே.

நெல்லே காசான காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வன்னி, குளங்களை அண்டிய சிற்றூர்களின் நாடாக இருந்தது. 1895ஆம் ஆண்டு வெளிவந்த ஜே. பி. லூயிஸ் என்னும் ஆங்கில அதிகாரியின் வன்னி மாவட்டக் கைந்நூல், காட்டுக்கும் காய்ச்சலுக்கும் இடையே குறைந்த தொகையினராக வாழ்ந்த ஒரு மக்கள் கூட்டத்தை நமக்குக் காட்டுகின்றது. இம்மக்கள் நெல்லையும் குரக்கனையும் தாமே விளைவித்தனர். பாலும் தேனும் காட்டு இறைச்சியும் அவர்களிடம் இருந்தன. அவர்கள் வெளியிலிருந்து பெறவேண்டியிருந்தவை உப்பு, துணி, கருவாடு, இரும்பு, பின்னாளில் மண்ணெண்ணெய் எனச் சிலவே. இவற்றை யாழ்ப்பாணத்து வணிகரும் முஸ்லிம் வணிகரும் கொண்டுவந்தனர்.

பொருள் சிலவே எனினும் அவற்றின் விலையை விதித்தவர் விவசாயிகள் அல்லர். விதைப்புக் காலத்தில் வீட்டில் நெல் தீர்ந்திருக்கும். துணியும் உப்பும் கடனுக்கு வரும். அறுவடை நாளில் கடன் நெல்லாக அளக்கப்படும். கடன் வாங்கும்போது நெல்லின் விலை உச்சத்தில் நிற்கும். கடன் தீர்க்கும்போது அது பாதாளத்தில் கிடக்கும். இவ்விரு விலைகளுக்கும் இடையேயுள்ள பள்ளத்திலேயே வணிகனின் செல்வம் விளைந்தது. "வெட்டுக்குத் தாறன்" என்று கூறிக் கடைப்படியில் நிற்கும் விவசாயியின் உருவம் வன்னியில் நூறாண்டுப் பழைமையுடையது. இன்று தவணைப் பத்திரத்தில் கையெழுத்திடுபவர் அவரின் வழித்தோன்றலே.

புதுத்துணி என்பது அந்நாளில் ஆண்டுக்கொருமுறை வரும் பேறு. வைகாசி மாதத்து வற்றாப்பளைக் கண்ணகியம்மன் பொங்கல் போன்ற திருவிழாக்களே சிற்றூர்ப் பெண்களுக்குக் கடைத்தெருவாயின. காப்பும் சாந்தும் பாயும் பானையும் அங்கேதான் அவர்களின் கண்முன் குவிந்தன. உடையோ அழகுணர்ச்சியை மட்டும் சார்ந்து நிற்கவில்லை. வடபுலத்தின் சாதி வழக்கு, யார் மேலாடை அணியலாம், யார் தோளில் சால்வை இடலாம் என்பதையும் விதித்திருந்தது. தேநீர்க்கடைகளில் ஒருவருக்குக் குவளையும் மற்றொருவருக்குப் போத்தலும் கொடுக்கப்பட்ட இழிவை நம் முற்போக்கு எழுத்தாளர்கள் பதிவு செய்துள்ளனர். கடைகளிலும் உணவகங்களிலும் சாதி காட்டி ஒருவரை விலக்குவதைக் குற்றமாக்கும் சட்டம் 1957ஆம் ஆண்டிலேதான் நிறைவேறியது. எனவே, நல்லாடை உடுக்கும் வேட்கையை வெறும் மோகம் என்று ஏசுபவர், அவ்வேட்கை ஒரு காலத்தில் உரிமைப் போரின் ஒரு பகுதியாக இருந்ததை மறந்துவிடுகின்றனர்.

1905ஆம் ஆண்டில் வடபகுதிப் புகையிரதப் பாதை முழுமையாயிற்று. இரணைமடுக் குளத்தின் வேலையும் அந்நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆரம்பமாயிற்று. யாழ்ப்பாணத்தின் சன நெருக்கத்தையும் வேலையின்மையையும் தணிக்க 1936இல் குடியேற்றத் திட்டமாகக் கிளிநொச்சி உருவானது. புகையிரத நிலையமும் கண்டி வீதியும் அரிசி ஆலையும் அருகருகே அமைந்த இடங்களில் பலசரக்குக் கடைகளும் புடவைக் கடைகளும் தேநீர்க்கடைகளும் முளைத்தன. நெல் வடக்கே சென்றது. துணி தெற்கே வந்தது. எனினும் தராசு வணிகனின் கையிலேயே இருந்தது.

சங்கக்கடையின் வாசலில்

தராசு கைமாறிய முதல் நிகழ்ச்சி 1942இல் நடந்தது. பர்மா யப்பானியர் வசமானதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. அரசு அரிசியைப் பங்கிட முற்பட்டது. 'கூப்பன்' என்னும் சொல் அன்றே தமிழாயிற்று. பங்கீட்டின் கருவியாகக் கூட்டுறவுப் பண்டகசாலைகள் நாடெங்கும் பெருகின. 1957இல் பிலிப் குணவர்த்தன அமைச்சராக இருந்த காலத்தில் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றின. மக்கள் அவற்றைச் 'சங்கக்கடை' என்றே வழங்கினர்.

சங்கக்கடை குறையற்றதாக இருக்கவில்லை. முகம் பார்த்துச் சாமான் கொடுத்த முகாமையாளரும் உண்டு. கல் கலந்த அரிசியும் உண்டு. நிறையில் குறைத்த தராசும் உண்டு. ஆயினும் அங்கு ஒரு புதுமை இருந்தது. ஏழையும் செல்வரும் ஒரே வரிசையில், ஒரே விலைக்கு, தலைக்கு இவ்வளவு என்னும் கணக்கில் அரிசி பெற்றனர். "எனக்குரியது இது" என்று கடை வாசலில் நின்று கேட்கும் துணிவு அவ்வரிசையில் பிறந்தது. 1953இல் ஒரு கொத்து அரிசியின் விலையை அரசு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியபோது, அத்துணிவு தெருவில் இறங்கியது. அவ்வாண்டு ஓகஸ்ட் 12ஆம் நாள் இடதுசாரிகள் தலைமையேற்ற ஹர்த்தால் நாட்டை அசைத்தது. பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். கடையில் எழுதப்பட்ட ஒரு விலை ஓர் ஆட்சித் தலைவரை வீழ்த்தியது என்பதை நம் வரலாற்றுப் பாடத்தில் எத்தனை வரிகளில் கூறுகின்றோம்?

செத்தல் மிளகாயின் செழிப்பு

வன்னியின் கடைத்தெரு தன் உழைப்பினால் மலர்ந்த காலம் 1970 முதல் 1977 வரையிலான ஆண்டுகள். சிறிமாவோ பண்டாரநாயக்க தலைமையிலான கூட்டரசு இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. மிளகாயும் வெங்காயமும் உழுந்தும் உள்நாட்டில் விளைந்தாலன்றிக் கிடைக்கா என்னும் நிலை தோன்றியது. விசுவமடு, முத்தையன்கட்டு முதலிய படித்த வாலிபர் குடியேற்றத் திட்டங்களில் செத்தல் மிளகாய் செம்பொன்னாயிற்று. கல்வீடு எழுந்தது, உழவு இயந்திரம் வந்தது, வானொலிப் பெட்டி பாடியது. வெளிநாட்டுத் துணிக்குத் தட்டுப்பாடு நிலவியபோதும், கடல் கடந்து களவாக வந்த நைலெக்ஸ் சேலை வன்னிக் கலியாண வீடுகளிலும் மின்னியது.

இக்காலத்தைப் பொற்காலம் என்று மட்டும் கூறுவது நேர்மையாகாது. அரிசியை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டுசெல்லத் தடை இருந்தது. வீதித் தடைகளில் பைகள் சோதிக்கப்பட்டன. பாணுக்கும் துணிக்கும் மக்கள் காத்துக் கிடந்தனர். மற்றொன்றும் உண்டு. 1958, 1977 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களால் துரத்தப்பட்டு வந்த மலையகத் தமிழ் மக்களே அம்மிளகாய்த் தோட்டங்கள் பலவற்றில் கூலிகளாகக் குனிந்து நின்றனர். செழிப்பு அவர்களின் கைவழியே சென்றதேயன்றிக் கையில் தங்கவில்லை.

அவர்கள் கடைக்குச் சென்ற முறையை நோக்குக. அன்றாடக் கூலி அன்றாடச் சாமானாகவே மாறும். ஒரு சரை தேயிலை, நூறு கிராம் சீனி, காற்போத்தல் எண்ணெய். மூடையாக வாங்குபவருக்கு ஒரு விலை; சரையாக வாங்குபவருக்கு ஒரு விலை. ஏழை குறைவாக வாங்குகிறார். ஆனால் ஒவ்வொரு பிடிக்கும் அதிகமாகவே கொடுக்கிறார். அதற்குமேல் 'தோட்டக்காட்டார்' என்னும் ஏளனச் சொல்லையும் அக்கடையில் அவர்கள் இலவசமாகப் பெற்றனர். தமிழர் தமிழருக்கு இழைத்த இந்த இழிவை மறைத்துவிட்டு எழுதப்படும் வரலாறு அரைவரலாறே.

1977இல் ஜே. ஆர். ஜயவர்த்தனவின் அரசு சந்தையை அகலத் திறந்தது. வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் வந்து குவிய, வன்னி விவசாயியின் விலை சரிந்தது. 1979இல் கூப்பன் அரிசியின் இடத்தை உணவு முத்திரை பிடித்தது. கடைகளில் பொருள் நிறைந்தது. வாங்குவோர் கையில் காசு குறைந்தது. தட்டுப்பாடு என்பது அலுமாரியிலிருந்து மடிக்கு இடம் மாறியதேயன்றி மறையவில்லை.

தடை செய்யப்பட்ட சவர்க்காரம்

1990ஆம் ஆண்டு யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டதும், வடபகுதி மீது பொருளாதாரத் தடை விழுந்தது. எரிபொருள், மின்கலம், சீமெந்து, உரம், சவர்க்காரம் எனத் தடைப்பட்டியல் நீண்டது. சவர்க்காரம் எவ்வாறு போர்க்கருவியாயிற்று என்று பிள்ளைகள் கேட்டால் விடை கூற எவராலும் இயலாது. இதில் ஒரு கொடிய முரண்பாடும் உண்டு. ஆனையிறவு உப்பைக் கொண்டு பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை ஒரு காலத்தில் எரிசோடா உற்பத்தி செய்தது. சவர்க்காரத்தின் மூலப்பொருள் அதுவே. அத்தொழிற்சாலை இடிந்து கிடந்த மண்ணில், மக்கள் பனம்பழக் களியைப் பிசைந்து துணி வெளுத்தனர்.

இல்லாமையிலிருந்து ஓர் அறிவும் பிறந்தது. ஜாம் போத்தலுக்குள் சிறிது பஞ்சும் சிறிது மண்ணெண்ணெயும் இட்டு எரித்த சிக்கன விளக்கில் ஒரு தலைமுறை பரீட்சைக்குப் படித்தது. சில துளி பெற்றோலில் இயந்திரத்தைத் தூண்டி, மண்ணெண்ணெயில் மோட்டார்ச் சைக்கிளை ஓட்டினர். துவிச்சக்கர வண்டியின் 'டைனமோ'வைச் சுழற்றி வானொலி கேட்டனர். உடையில் மிடுக்கு என்பது புதிதாக வாங்குவதில் இல்லாமல், கிழிந்ததைத் தெரியாமல் தைப்பதில் இருந்தது.

ஆயின் தடையைக் குறித்துப் பேசும் நாம், அதே ஆண்டின் ஒக்டோபர் மாதத்தைக் கடந்து செல்லலாகாது. வடபகுதி முஸ்லிம் மக்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். ஏறத்தாழ 75,000 பேர் தம் மண்ணை இழந்தனர். முல்லைத்தீவு, தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி ஆகிய இடங்களின் முஸ்லிம்களும் கட்டிய துணியோடு சென்றனர். தலைமுறை தலைமுறையாக வன்னிப் பெண்களுக்குக் காப்பும் துணியும் கொண்டுவந்து, அறுவடைவரை காத்திருந்து பணம் பெற்றவர்கள் அவர்களுள் இருந்தனர். பூட்டப்பட்ட அக்கடைகளின் முன் நம் சமூகம் வாய்மூடி நின்றது. பொருளாதாரத் தடையை அநீதி என்று கூறும் வாய், இதனையும் அநீதி என்று கூறினாலன்றி அதன் சொல்லுக்கு வலிமையில்லை.

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் பெயர்ந்தனர். 1996இல் அவர்களுள் பெருந்தொகையினர் கிளாலி நீரேரியைக் கடந்து வன்னியை அடைந்தனர். அவ்வாண்டே கிளிநொச்சியும் இராணுவத்தின் வசமாக, அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவி, புதுக்குடியிருப்பு என்று மக்கள் நகர்ந்தனர். கடைகளும் அவர்களுடன் நடந்தன. கிடுகுக் கூரையின் கீழ் மல்லாவி ஒரு நகரமாயிற்று. வவுனியாவிலிருந்து வந்த ஒவ்வொரு மூடையும் ஒருபுறம் இராணுவச் சோதனையையும் மறுபுறம் இயக்கத்தின் வரியையும் கடந்தது. இரண்டின் சுமையும் இறுதியில் இறங்கியது வாங்குபவரின் தலையிலேதான்.

2002 ஜனவரியில் தடை நீங்கியது. பெப்ரவரியில் போர்நிறுத்த ஒப்பந்தம். ஏப்ரலில் கண்டி வீதி திறந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் பூட்டிக் கிடந்த வாசல் வழியே குளிர்பானமும் தொலைக்காட்சிப் பெட்டியும் ஆயத்த ஆடையும் பாய்ந்து வந்தன. கிளிநொச்சியின் வீதியோரம் கண்ணாடி அலுமாரிகளால் பளபளத்தது. இயக்கத்தின் வாணிபமும் பாண்டியன், சேரன் என்னும் பெயர்களைச் சூடிக்கொண்டு உணவகமும் விற்பனை நிலையமும் நடத்தியது. பேரரசர்களின் பெயர்கள் பலகையில் தொங்கின. விலையை மக்கள் கேட்டறிந்தனரேயன்றி அதை விதிப்பதில் அவர்களுக்குப் பங்கிருக்கவில்லை. 2006 ஓகஸ்டில் பாதை மீண்டும் மூடப்பட்டது.

மண்மூட்டையான சேலைகள்

வன்னியின் உடை வரலாற்றில் ஓர் அத்தியாயத்தை எழுதும்போது எழுதுகோல் தயங்குகின்றது. 2009 ஜனவரி 2ஆம் நாள் கிளிநொச்சி வீழ்ந்தது. மக்கள் கிழக்கு நோக்கி, புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று ஒடுங்கிய கடற்கரைக்குத் தள்ளப்பட்டனர். அங்குக் கடையென்று ஒன்றில்லை. இருந்ததெல்லாம் யாரோ ஒருவர் சாக்கில் விரித்த சிறிதளவு அரிசியும் சீனியுமே. பவுண் கொடுத்து அரிசி வாங்கியதைத் தப்பி வந்தோர் பலர் கூறுவர்.

கடற்கரை மணலில் பதுங்குகுழி வெட்டினால் சரிந்து விழும். மண்மூட்டை அடுக்குதல் வேண்டும், சாக்கு இல்லை. பெண்கள் தம் சேலைகளை எடுத்தனர். கைத்தையலால் மூட்டி, மணல் நிரப்பி, பிள்ளைகளைச் சுற்றி அடுக்கினர். இடப்பெயர்வு தோறும் சுமந்துவந்த கூறைச்சேலையும் அவ்வாறே மண்மூட்டையாயிற்று. பட்டும் நைலெக்ஸும் பருத்தியும் நிறநிறமாகக் கரை நெடுகக் கிடந்தன. சீட்டுக் கட்டியும் மிளகாய் விற்றும் கடனுக்கு நின்றும் ஒரு பெண் தன் வாழ்நாளில் வாங்கிய துணிகள் யாவும், ஒரு பிள்ளையின் உயிருக்குச் சுவராக நின்று கிழிந்தன.

மே மாதத்தில் போர் முடிந்தபோது, ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்கள் செட்டிகுளத்து மெனிக்பாம் முதலிய முகாம்களில் முட்கம்பிக்குள் அடைபட்டனர். பெரும்பாலோரிடம் இருந்தது உடுத்த உடை ஒன்றே. மாற்றுடைக்கு அவர்கள் மீண்டும் ஒரு வரிசையில் நின்றனர்.

தவணையின் காலம்

அம்மக்கள் ஊர் திரும்பியபோது, அவர்களுக்கு முன்னரே ஊரில் வந்து நின்றவை வங்கிகளும் நிதி நிறுவனங்களும். வீடு இல்லை, மாடு இல்லை, தொழில் இல்லை. ஆனால் கையெழுத்திட்டால் மோட்டார்ச் சைக்கிள் உண்டு. ஐந்து பெண்கள் சேர்ந்து ஒருவருக்கொருவர் பிணை நின்றால் நுண்கடன் உண்டு. புகழ்பெற்ற பல்பொருள் அங்காடிகள் குளிரூட்டிய கதவுகளைத் திறந்தன. வெளிநாட்டுப் பணம் வரும் வீடும் வராத வீடும் ஒரே கண்ணாடியின் முன் நின்றன.

2018இல் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகள் சபையின் கடன் விவகார நிபுணர், நுண்கடன்களில் சில 220 விழுக்காடு வரை வட்டி அறவிட்டதைச் சுட்டிக்காட்டினார். அவ்வாண்டே அரசும் வறட்சி மாவட்டப் பெண்களின் சிறு கடன்களைத் தள்ளுபடி செய்ய முற்பட்டது. கடன் வசூலிக்க வருபவர் வீட்டு வாசலில் மாலைவரை காத்திருப்பதும், அவர் வரும் நாளில் பெண்கள் காட்டுக்குள் ஒளிவதும் கதையல்ல. இக்கடனில் எவ்வளவு பட்டுச்சேலைக்குச் சென்றது, எவ்வளவு விதைநெல்லுக்கும் மருந்துக்கும் முந்திய கடனின் தவணைக்கும் சென்றது என்று ஆராயாமலே 'மோகம்' என்று தீர்ப்பளிப்பவர், வட்டிக்காரரின் வழக்கறிஞர் ஆகின்றனர்.

மற்றொரு காட்சியையும் காண்க. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் அமைந்த ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலைகளுக்கு விடியுமுன் பேருந்துகளில் இளம்பெண்கள் செல்கின்றனர். அவர்கள் தைக்கும் ஆடை ஐரோப்பாவின் கடைகளில் தொங்கும். அவர்கள் அணியும் ஆடையோ வாரச் சந்தையின் தறப்பாளில் குவித்து விற்கும் மலிவுத் துணி. தாயார் சேலையில் மண்மூட்டை தைத்தார். மகள் அயலாருக்கு உடை தைக்கின்றாள்.

2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி திடீரென நிறுத்தப்பட்டதும், 2022இல் நாடே கடனடைக்க வழியற்று நின்றதும் நாம் அறிந்தவை. மண்ணெண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் தென்னிலங்கை நள்ளிரவில் வரிசை பிடித்தது. எரிபொருளுக்குக் கியூ.ஆர். அட்டை வந்தது. எண்பது ஆண்டுகளுக்கு முந்திய கூப்பன் கைத்தொலைபேசிக்குள் மீண்டும் பிறந்தது எனலாம். அன்று ஜாம் போத்தல் விளக்கைப் பற்றி வன்னி முதியோர் சிரித்துக்கொண்டே பேசினர். அச்சிரிப்பில் ஏளனம் இருக்கவில்லை. தனக்கு நேர்ந்தது பிறர்க்கும் நேரலாகாது என்று அறிந்தவரின் சிரிப்பு அது.

இவ்வரலாறு உணர்த்துவது யாது? அறுவடைக் கடன், கூப்பன், தடை, வரி, தவணை என்று பெயர்கள் மாறின. பொருளின் வாசலில் நிற்பவர் மாறினர். உற்பத்தி செய்பவரும் நுகர்பவரும் விலையை விதிக்கும் உரிமையற்று நின்றது மட்டும் மாறவில்லை. சிறிது காலமேனும் அவ்வுரிமையின் வாசனையை மக்கள் நுகர்ந்தது சங்கக்கடையின் வரிசையிலேதான். அதனை ஊழலுக்கும் அதிகாரத்துக்கும் இரையாக விட்டோம். இன்றும் வன்னியில் கூட்டுறவுச் சங்கங்கள் உயிரோடு இருக்கின்றன. பெண்களின் சிக்கன சேமிப்புக் குழுக்கள் இருக்கின்றன. அவற்றின் கணக்கேட்டை உறுப்பினர் அனைவரும் திறந்து பார்க்கும் நிலை வருமாயின், நெல்லுக்கும் துணிக்கும் கடனுக்கும் மக்களின் விலை ஒன்று பிறக்கும்.

ஆசிரியர்களாகிய நமக்கும் ஒரு கடன் உண்டு. நாளை வகுப்பில் நாளங்காடியைக் கற்பிக்கும்போது மாணவர் ஒவ்வொருவரையும் வீட்டு முதியோரிடம் அனுப்புவோம். "என்ன வாங்கினீர்கள்? என்ன விலை? யாருக்குக் கடன்பட்டீர்கள்? உங்கள் கூறைச்சேலை எங்கே?" என்று கேட்டு எழுதி வரச் சொல்லுவோம். அக்கொப்பிகளைத் திருத்துமுன் ஒருமுறை வாசித்த எவரும், பிறகு ஓய்வறையில் அமர்ந்து வன்னிச் சனங்களின் மோகத்தைப் பற்றிப் பேச நாணுவர்.